முழு நிமிடம் எண்ணியவனுக்கு

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "பத்து நாளா" என்றேன். பத்து மாதம் என்று சொல்லவில்லை. நீ சுவரோரமாக, ஹாக்கி மட்டைப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாய். திருநெல்வேலி மைதானத்தில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு தொடங்கியிருக்க வேண்டிய நேரம் அது. பத்து மாதம் என்று சொல்லியிருந்தால் நீ யோசித்துப் பார்த்திருப்பாய், அம்மா போன ஆடியிலேயே வாயைத் திறந்திருந்தால் இன்று நான் அங்கே நின்றிருப்பேன் என்று. அந்த எண்ணம் உன் மனதில் விழக் கூடாது என்று ஒரு சொல்லை மாற்றினேன். மூன்று வருடமாக அதைத் திருத்தாமலே வைத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் நீ ஓசூருக்கு வேலைக்குப் போகிறாய். உனக்குக் கம்பளி எடுப்பதற்காகப் பரணில் ஏறினேன். பக்கத்தில் அந்த மட்டைப் பை கிடந்தது. தூசி தட்டி வைப்போம் என்று இறக்கினேன். அதற்குள் இருந்த ஒன்றைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அது என்ன என்று உனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். முதலில் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து இதையெல்லாம் பேச எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். நம் வீட்டில் அதிகம் படிப்பவளும் நான்தான், குறைவாகப் பேசுபவளும் நான்தான்.

அந்த ஆடியில் தொடங்கியது. மத்தியானம் வேலையெல்லாம் முடித்துப் புத்தகத்தோடு உட்காரும்போது, யாரோ துரத்தி ஓடி வந்தவளைப்போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடக்கும்போது அடித்தால் நடந்ததால் என்று சொல்லலாம். உட்கார்ந்திருக்கும்போது அடித்தது. ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. பசி என்றால் அப்படி ஒரு பசி. காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்தரைக்குப் பழைய சோற்றில் கை வைப்பேன். ஆனாலும் வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஏறியது. வேர்த்துக் கொட்டியதை யாரும் கவனிக்கவில்லை. இந்தக் கரிசல் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை. மார்கழியில் நீயும் அப்பாவும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தபோது நான் மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தேன். அப்போதாவது யாராவது கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவும் செய்தார். "ஏட்டி, ஒனக்கு மட்டும் என்ன பங்குனி மாசமா நடக்குது?" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

எதிர்வீட்டு மதினியை நினைத்துப் பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பைக் கிள்ளுவாள். "என்ன மதினி சாப்பிடுதீங்க, எனக்கும் சொல்லுங்க. நானும் ரெண்டு நேரம் கோதுமைக் கஞ்சி குடிக்கேன், ஒரு கிலோ எறங்க மாட்டேங்குது. நீங்க காலேஜ் புள்ள மாதிரி ஆயிக்கிட்டு வாரீங்க." அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். உடம்பு உள்ளே தன்னையே எரித்துக்கொண்டிருந்தது. வெளியே அதற்குப் பாராட்டு கிடைத்தது. அன்றிலிருந்து நான் யாரையும் மெலிந்துவிட்டாய் என்று பாராட்டுவதில்லை. குண்டாகிவிட்டாய் என்று கேலி பேசுவதும் இல்லை. நீயும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள். எடை மாறியிருக்கிறது என்று கண்ணில் பட்டால், எத்தனை நாளாக என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, சொல்லும் பதிலை உடனே நம்பிவிடாதே.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கலாம். எனக்குப் பதினைந்து வயதில் என் அம்மா போனாள். ஒரே வருடத்தில் கரைந்து போனாள். என்ன நோய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அறைக்கு வெளியே பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அவளுடைய வளையலும் முழங்கைக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் வளையல் ஏறியதும், இது அதுதான் என்று தீர்மானித்துவிட்டேன். நூலகத்துக்குப் போய் உடம்பைப் பற்றிய புத்தகங்களை எடுத்து வந்து, அட்டைக்குச் செய்தித்தாள் போட்டு மறைத்துப் படித்தேன். எனக்குப் பொருந்துவதுபோல ஒரு பக்கம் கிடைத்ததும் அதோடு மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. என் அம்மா கடைசி வருடத்தில் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானோ இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நோயாக இருக்க முடியாது என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். இத்தனை புத்தகம் படித்தவளுக்குத் தோன்றவில்லை. பயந்துபோனவள் படித்தால், பயத்துக்குத் தேவையானது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அதே நாட்களில்தான் உன் ஹாக்கி சார் உங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். காலையில் கண் விழித்ததும், பாயைவிட்டு எழும்புவதற்கு முன்னால், தண்ணீர்கூடக் குடிக்காமல், மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி எழுத வேண்டும். "கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்குற சோம்பேறித்தனம் ஆகாதுலே. முழு நிமிஷம் எண்ணணும். நேத்தவிட பத்து கூடியிருந்துச்சுன்னா அன்னைக்கு ஓடக் கூடாது, நேரா எங்கிட்ட வந்து சொல்லணும். பொய் எழுதுனா நோட்டுல தெரியாது, கிரவுண்டுல தெரிஞ்சிரும்" என்று அவர் சொன்னதை நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய். கோவில்பட்டியில் மட்டை பிடிக்காத தெரு கிடையாது. ஆனால் படுக்கையில் கிடந்தபடி நாடி எண்ணும் பையன்களை நான் அப்போதுதான் பார்த்தேன்.

உன் எண் எழுபத்திரண்டில் தொடங்கியது. தை பிறக்கும்போது ஐம்பத்தாறு. மாசியில் ஐம்பத்திரண்டு. உன் சிநேகிதப் பையன் வாசலில் சைக்கிளில் நின்றுகொண்டு, "ஐம்பத்திரண்டா? ஏலே, நீ இருக்கியா செத்துட்டியா? பாத்துச் சொல்லு, மாலை வாங்கணும்" என்றான். எனக்கு அது சிரிப்பாக இல்லை. பிள்ளைக்கு இருதயம் நிற்கப் போகிறது என்று பதறி, மறுநாளே பஸ் ஏறி மைதானத்துக்கு வந்துவிட்டேன். உனக்கு மானம் போயிற்று என்று தெரியும். அப்போது சார் என்னைத் தனியாக அழைத்து நிழலில் நிற்கவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. தொட்டியில தண்ணி எறைக்கணும், சின்ன வாளின்னா எழுவது தடவ மோக்கணும். பெரிய வாளின்னா ஐம்பது தடவையில முடிஞ்சிரும்லா. ஒங்க மகன் இருதயம் பெரிய வாளியா ஆயிக்கிட்டு இருக்கு. தலை சுத்தலு, மயக்கம்னு ஏதாவது சொன்னான்னா வாங்க, யோசிப்போம். நல்லா ஓடுதான், நல்லா தூங்குதான், அப்புறம் என்ன?" பிறகு இன்னொன்றும் சொன்னார். "ஓடயில எல்லாருக்கும்தான் வேகமா அடிக்கும். சும்மா கெடக்கயில எப்படி அடிக்குன்னு பாத்தாத்தான் ஆளு எப்படின்னு தெரியும்."

நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். என் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன், நடுக்கம் தெரியாமல் இருக்க. அந்த நிழலில் நின்றபடி, உன் ஐம்பத்திரண்டுக்காக அவ்வளவு தூரம் வந்தவள், சும்மா நிற்கும்போதே நூறைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்த என் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த மனிதர் கட்டாயம் சொல்லியிருப்பார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மாசியில்தான் எடைபோடும் நாளும் வந்தது. வத்தல் வியாபாரம் செய்யும் வீடுகளில் நம் வீட்டைப்போல வேறு எங்கும் இந்தப் பழக்கம் இருக்கிறதா தெரியவில்லை. வருடத்தின் முதல் மிளகாய் மூட்டையை நிறுத்து முடித்ததும் உன் அப்பா, "ஊரு மூட்டை முடிஞ்சிட்டு, இனி வீட்டு மூட்டையெல்லாம் வரிசையா வாங்க" என்பார். நாம் ஒவ்வொருவராக அந்தப் பெரிய தராசில் ஏறுவோம். ஷெட்டின் சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பார். உன் எண் வருடா வருடம் ஏறும், அப்பாவுடையதும் ஏறும், அதற்கு நாம் சிரிப்போம். என் எண் நீ பிறந்ததிலிருந்து ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று ஒரே இடத்தில் நிற்கும். அந்த வருடம் எடைபோடுவதற்கு முந்தின நாளே யாரும் இல்லாத நேரம் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. மறுநாள் ஒரு காரியம் செய்தேன். சின்னத் தராசின் பக்கத்தில் கிடந்த இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மூட்டைத் தராசில் ஏறினேன். ஐம்பத்துமூன்று. "வெயிலு, வேலை" என்று சொல்ல அது போதும். அப்பா எழுதிக்கொண்டார்.

இறங்குவதற்குள் கயத்தாற்றுக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, வீட்டுக்கு ரெண்டு கிலோ வத்தல் குடுங்க" என்று கேட்டுவிட்டார். அப்பா படிக்கல்லைத் தேடினார். நீயும் சாக்குகளைப் புரட்டித் தேடினாய். நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இங்கனதான் எங்கயாவது கெடக்கும்" என்று கூடச் சேர்ந்து தேடினேன். கடைசியில் ஒரு கிலோவை இரண்டு தடவை நிறுத்துக் கொடுத்தனுப்பினார். நீ ஒரு நிமிடம் என்னையே பார்த்தாய். வெயில் கண்ணில் பட்டதால் அப்படிப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குனியில் ஒரு காலை, நீ பால் சட்டியைத் தட்டிவிட்டதற்கு உன்னை அறைந்தேன். பதினேழு வயதுப் பையனை, உன் சிநேகிதன் முன்னால். அந்த மாதங்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் தலைக்கு ஏறியது. நோய் உடம்பை மட்டும் ஓட்டவில்லை, மனதையும் சேர்த்து ஓட்டியது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். அதனால் அது நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அடித்தது என் கைதான். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாய். மன்னித்துவிடு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

வைகாசியில் அந்தப் புதன்கிழமை வந்தது. அப்பா வத்தல் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போயிருந்தார். ஆறரை மணி பஸ்ஸுக்கு நீ கிளம்பி நின்றாய். எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தேன். வாசல்படியைத் தாண்டும்போது, "கையக் குடும்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். விடைபெறுவதற்குப் பிடிக்கிறாய் என்று நினைத்தேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். உன் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. "எண்ண வரலம்மா. தாறுமாறா போகுது. ரெண்டு சேந்து அடிக்கு, அப்புறம் ஒண்ணக் காணோம்" என்றாய். "பஸ்ஸு போயிரும்லே, நீ கெளம்பு" என்றேன். "நீ உக்காரு" என்றாய். உட்காரச் சொன்ன அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சுவர் சரிந்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

மதினியின் மகன் நம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டதும், மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்ததும், என் கழுத்தை டாக்டரம்மா முன்னும் பின்னும் நின்று தடவிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "லாரிய நிறுத்தி வச்சிருக்கீங்க, ஆனா ஆக்ஸிலேட்டர் மேல கல்லத் தூக்கி வச்சிருக்கு. வண்டி நகரல, டீசல் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சாப்பிடுறதெல்லாம் எரியுது, பத்தாததுக்குச் சதையும் எரியுது. இன்னும் விட்டிருந்தீங்கன்னா இருதயம் களைச்சுப் போயிருக்கும்" என்றார். பிறகு, "மருந்து இருக்கு. கேட்கும்" என்றார். நான் பத்து மாதமாக என் சாவைத் தனியாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் மூன்று சொல்லில் அதை இறக்கிவைத்தார். நான் அழுதது பயத்தில் என்று நீ நினைத்தாய். இல்லை. வெட்கத்தில் அழுதேன்.

மாத்திரை கேட்டது. நூற்று இருபதாக இருந்தது நூறாயிற்று, தொண்ணூறாயிற்று, அடுத்த தை வருவதற்குள் எழுபதுகளுக்கு வந்து நின்றது. மார்கழியில் நானும் போர்வை கேட்டேன். அப்பா எழுந்து போய்ப் புதுப் போர்வையே எடுத்து வந்தார். எடை அறுபதைத் தொட்டது. மதினி, "என்ன மதினி இப்படி ஊதிட்டீங்க" என்று வருத்தப்பட்டாள். எனக்கு அந்த அறுபது கிலோவும் பிடித்திருந்தது. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் இதற்காகவே தினமும் நன்றி சொல்லலாம் போலிருந்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு இருப்பதே தெரியாமல் இருந்தது.

ஆனால் நீ அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. அடுத்த வருடமும் தேர்வு வைத்தார்கள். சார் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். "ஆர்வம் போயிட்டு சார்" என்றாய். டிப்ளமோ படிப்பு, பஸ், பரீட்சை என்று காரணங்கள் இருந்தன. நாங்களும் நம்பினோம். மூன்று வருடமாக உனக்கு எல்லாமே சரியாகத்தான் போயிற்று, எந்த வாத்தியாரும் குறை சொல்லவில்லை. அதனால் நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று அந்தப் பையில் உன் நாடி நோட்டைப் பார்த்தேன். பிறர் எழுதியதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடிக்காத காரியம். உன் நாடி எண்களைப் பார்க்க ஆசைப்பட்டுத் திறந்தேன், அதற்கும் மன்னித்துவிடு. இடப்பக்கம் முழுக்க உன் எண்கள். வலப்பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னொரு எண். கார்த்திகையில் தொடங்குகிறது. தொண்ணூற்றெட்டு. நூற்று இரண்டு. நூற்று ஆறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப்போட்டுக் கண்ணயர்ந்துவிடுவேன். யாரோ கையைத் தொடுவதுபோல் இருக்கும். நீ புத்தகத்தை எடுத்து வைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போவேன். நீ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய். முழு நிமிடம்.

எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன். "கேட்டேன். டீ குடிச்சேன் அதான்னு சொல்லுது." அடுத்து, "சார்ட்ட கேட்டேன், யாருக்குன்னு சொல்லல. டாக்டர்ட்ட காட்டச் சொன்னார். அம்மா வர மாட்டேங்குது." எனக்கு நினைவிருக்கிறது, வாம்மா சும்மா போய்ட்டு வருவோம் என்று இரண்டு தடவை கூப்பிட்டாய், எனக்கென்ன கேடு என்று சொல்லிவிட்டேன். மாசியில் ஒரு ஞாயிறு: "112. ரெண்டு கிலோ கல் அம்மா மடியில." அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்படியே பரண் ஏணியில் உட்கார்ந்தும்விட்டேன். கடைசி ஞாயிறு: "124. புதன் டிரயல். முடிஞ்சதும் வியாழக்கிழமை எப்படியாவது கூட்டிட்டுப் போயிரணும்." அதோடு சரி. அதற்குப் பிறகு நோட்டு முழுக்கக் காலி. வலப்பக்கத்து எண்கள் சிலவற்றைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறது. பச்சை மையில் எழுதுபவர் நமக்குத் தெரிந்து அந்த டாக்டரம்மா ஒருவர்தான். அதாவது நான் உள்ளே படுத்துக்கொண்டு பத்து நாள் என்ற பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, நீ வெளியே நோட்டைத் திறந்து காட்டியிருக்கிறாய். அவருக்கு உண்மை அப்போதே தெரியும். உனக்கும் தெரியும். உன் அம்மா பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் நீ அந்த அறையில் வாய் திறக்கவில்லை. மூன்று வருடமாக நான் உன்னைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நீ மட்டையை ஏன் பரணில் போட்டாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. புதன் முடியட்டும், வியாழன் போகலாம் என்று எழுதிய அந்த ஒரு வரிக்காக. உன் ஆட்டத்துக்காக அம்மாவை நான்கு நாள் காக்கவைத்துவிட்டேன் என்று நீயே உனக்குத் தண்டனை போட்டுக்கொண்டாய். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். தப்பு இல்லை என்றால், இதைக் கேள். நீ பதினேழு வயதுப் பையன். கேட்டாய், கூப்பிட்டாய், பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தாய், வாரா வாரம் எண்ணி எழுதினாய். நான் முப்பத்தாறு வயதுக்காரி. கல்லை மடியில் கட்டினேன். உன்னுடையது நான்கு நாள். என்னுடையது பத்து மாதம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. நீ அந்தத் தேர்வுக்குப் போகாமல் போனதற்குக் காரணம் நீ இல்லை, என் உடம்பும் இல்லை. நான் சொல்லாமல் இருந்ததுதான் காரணம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேற்று அப்பாவிடமும் கல்லைப் பற்றிச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, ஊரெல்லாம் எங்கிட்ட எடையில ஏமாத்த முடியாதுன்னு பேரு. வீட்டுக்குள்ளயே கைய வச்சிட்டியே" என்றார். பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போனார். ஏதோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். சுவரில் அந்த வருடத்து ஐம்பத்துமூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் கரித்துண்டால் ஐம்பத்தொன்று என்று எழுதியிருந்தார். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஓசூரில் உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள் என்று நான் புலம்பப் போவதில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியும், அதை உன் சார் சொல்லித்தந்திருக்கிறார். இரவுப் பணி, கேன்டீன் சாப்பாடு, புது ஊர்க் குளிர் எல்லாம் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று உடனே வெளியே தெரியாது. காலையில் எழும்புவதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணிப் பார். ஒரு நாள் கூடினால் பயப்பட வேண்டாம், காய்ச்சலாக இருக்கும், தூக்கம் போதாததாக இருக்கும். பல நாள் கூடியே நின்றால், அல்லது பசியும் எடையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போனால், யாரிடமாவது சொல். புத்தகத்தில் தேடாதே. தேடினால் அடுத்த பக்கத்தையும் படி. எத்தனை நாளாக என்று யாராவது கேட்டால் சரியான எண்ணைச் சொல். உன்னிடம் இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

உன் மணிக்கட்டைப் பிடித்து உன்னை நடக்கப் பழக்கினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறாய். இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மறுபடி பழைய தப்பு. அதனால் எழுதிவிடுகிறேன். நன்றி, ஐயா. நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். மட்டையைத் துடைத்து, பிடியில் புதுத் துணிப்பட்டை சுற்றச் சொல்லி உன் சிநேகிதனிடம் கொடுத்து வாங்கினேன். அங்கே நீ தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மைதானம் இருக்கிறது என்று நீதான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். எடுத்துப்போவதும் விட்டுப்போவதும் உன் இஷ்டம். பாரம் என்று நினைத்தால் பரண் இருக்கிறது.

அன்று இவ்வளவும் எழுதி, மடித்து, பையின் பக்கவாட்டு அறையில் வைத்தேன்; இதை இப்போது தனித் தாளில் எழுதுகிறேன். நீ பையோடு ரயிலேறினாய். மூன்று வாரம் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "எவ்வளவும்மா?" என்று கேட்டாய். "எழுபத்திரண்டு" என்றேன். "முழு நிமிஷமா?" என்றாய். "முழு நிமிஷம்தான்" என்றேன். "எனக்கு எழுபது. மூணு மாசம் ஓடுனா எறங்கிரும்" என்றாய்.